ஓணம் முடிஞ்சும் முடியாத உப்பேரி: பண்டிகைப் பலகாரம் வருஷம் முழுக்க கடைல நிக்குறது எப்படி

குமரி மாவட்டத்து கேரள எல்லைல இருக்குற களியக்காவிளைல பஸ் மாறுற நேரத்துல எந்த பேக்கரிக்குள்ள தலைய நீட்டினாலும், அது மாசியா இருந்தாலும் சரி ஆனியா இருந்தாலும் சரி, கண்ணாடிக்குள்ள ஏத்தங்காய் சிப்ஸ், அதான் நேந்திரங்காய் உப்பேரி, இருக்கும், பக்கத்துல சர்க்கரை வரட்டி, கீழ்த்தட்டுல முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஒரு ஓரமா பளபளன்னு பேப்பர் சுத்தின பிளம் கேக். முதல் ரெண்டும் ஓணத்துக்குன்னு வீட்ல வறுத்தது, முந்திரிக்கொத்து தீவாளிக்கும் கிறிஸ்மஸுக்கும் கல்யாண வீட்டுக்கும் சுட்டது, பிளம் கேக்க அந்தக் காலத்துல டிசம்பர் தவிர வேற மாசத்துல யாரும் கேக்கக்கூட மாட்டாங்க. இப்ப எல்லாம் ஒரே அலமாரில பன்னெண்டு மாசமும் இருக்கு.

இதப் பாத்து நம்மாளுங்க சொல்ற காரணம் ரெண்டே ரெண்டு தான், ஒண்ணு வியாபாரிக்கு ஆசை கூடிப் போச்சு, இன்னொண்ணு சனங்களுக்கு பக்தி கொறஞ்சு போச்சு. எனக்கு ரெண்டுமே சரியா படல. ஏன்னா அதே வியாபாரி, அதே சனம், அதே ஊரு, ஆனா சில பலகாரம் மட்டும் தன்னோட நாள விட்டு ஒரு இஞ்ச் நகரவே இல்லையே. திருக்கார்த்திகைக்கு திரளி இலைல அவிக்கிற கொழுக்கட்டை தை மாசம் எந்தக் கடைல கிடைக்கும்? தக்கலைல நோன்புக் கஞ்சி ரம்ஜான் முடிஞ்சப்புறம் யாரு காச்சுறாங்க? ஆசையும் பக்தியும் தான் காரணம்னா எல்லாமே ஒண்ணா நகர்ந்திருக்கணும். எது அலமாரிக்கு வந்தது எது வரலன்னு கொஞ்சம் உக்காந்து பாத்தா, பெரும்பாலும் தீர்மானிச்சது அந்தப் பலகாரத்துல இருக்குற தண்ணி தான்னு தோணுது. மீதிய பண்டிகைக்கு முன்னால இருந்த விரதமும், அத வாங்க வந்த ஆளுங்களும் தீர்மானிச்சாங்க.

சிப்ஸ்ல இருந்தே தொடங்கலாம், அதான் நமக்கு கண்ணு முன்னால நடக்குறது. நல்லா முத்தின, ஆனா பழுக்காத நேந்திரங்காய தோல் சீவி மஞ்சத்தண்ணில போடுவாங்க, கறை போகணும்ல. அப்புறம் பெரிய உருளில கொதிக்கிற தேங்காயெண்ணெய்க்கு மேலயே சீவுகட்டைய பிடிச்சு நேரா சீவி விடுவாங்க. எண்ணெய் ஓன்னு இரையும். பாதி வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைச்ச தண்ணிய ஒரு கரண்டி எடுத்து எண்ணெய்க்குள்ளயே ஊத்துவாங்க, முதல் தடவ பாக்கிறவன் பயந்து ரெண்டடி பின்னால போயிடுவான், அப்படி வெடிக்கும். அதுக்கப்புறம் வறுக்கிறவர் சிப்ஸோட நிறத்த பெருசா பாக்குறதில்ல, காத தான் வச்சுக்கிட்டு நிப்பார், இரைச்சல் அடங்கி கலகலன்னு ஒரு சத்தம் வந்ததும் ஜல்லிக்கரண்டில அள்ளிருவார். அந்த இரைச்சல் என்னன்னா காய்க்குள்ள இருந்த தண்ணி ஆவியா வெளிய போற சத்தம். பச்சைக் காய்ல பாதிக்கு மேல தண்ணி, வறுத்து எடுக்கும்போது மிஞ்சுறது வெறும் சில சதவீதம். தண்ணி இல்லாத எடத்துல பூஞ்சையும் பாக்டீரியாவும் குடித்தனம் நடத்த முடியாது. கெட்டுப் போறதுன்னா எண்ணெய் கெட்டா தான் உண்டு, அதுவும் தேங்காயெண்ணெய்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, சீக்கிரம் காத்து பட்டு சிக்கு வாசனை எடுக்காது. அந்தக் காலத்துல ஓணத்துக்கு பத்து நாள் முன்னாலயே வறுத்து தகர டின்ல அடைச்சு வச்சது இந்த தைரியத்துல தான்.

சர்க்கரை வரட்டி இன்னும் கெட்டிக்காரத்தனம். காய தடிமனா அரைவட்டமா வெட்டி, சின்னத் தீல ரொம்ப நேரம் வறுத்து, உள்ள வரைக்கும் மொறுமொறுன்னு ஆனப்புறம் வெல்லப்பாகுல போட்டு சுக்குப்பொடியும் ஜீரகமும் தூவி பெரட்டுவாங்க. வறுத்ததுல ஒரு தடவ தண்ணி போச்சு, மிச்சம் மீதி இருந்தாலும் பாகு அத விடாம பிடிச்சு வச்சுக்கும். இப்படி ரெண்டு பூட்டு போட்ட பலகாரத்த ஓணத்தோட மட்டும் நிறுத்தி வச்சிருந்தது தான் உண்மைல ஆச்சரியம்.

நிறுத்தி வச்சிருந்தது வாழைத்தோட்டம். பாசனம் இருக்குற எடத்துல ஆவணி வாக்குல கன்னு நட்டா நேந்திரன் பத்து பதினோரு மாசத்துல குலை தள்ளி முத்தி அடுத்த ஓணத்துக்கு சரியா வெட்டுக்கு வரும், அதுக்குன்னே கணக்குப் பண்ணி நடுவாங்க. ஓணம் நெருங்க நெருங்க குலை விலை ஏறும், திருவோணம் கழிஞ்சா விலை சரிஞ்சிடும், இது குமரி மாவட்டத்துல வாழை வச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச வலி. இப்ப கேரளாவுக்கு தமிழ்நாட்டுல இருந்து நேந்திரன் லாரி லாரியா போகுது, நட்ட மாசம் வேற வேறங்கிறதால காய் எந்த மாசமும் சந்தைல இருக்கு. விலை சரிஞ்ச நேரத்துல குலைய வாங்கி வறுத்து வைக்க ஒரு ஆள் இருந்தா விவசாயிக்கும் ஆறுதல், கடைக்காரனுக்கும் லாபம். இதுல பேராசைன்னு சொல்ல என்ன இருக்கு?

ஆனா காய் இருந்தா மட்டும் போதாது, வாங்க ஆள் வரணும்ல. இங்க தான் எல்லை ஊருங்களோட கதை வருது, இத யாரும் பெருசா சொல்றதில்ல. ஓணம் ஆவணி வாக்குல முடியும். கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டதும் சபரிமலை சீசன், மண்டலம் 41 நாள், அப்புறம் மகரவிளக்கு, அதாவது நவம்பர் நடுவுல இருந்து ஜனவரி நடு வரைக்கும் ஐயப்பமார் வண்டி வண்டியா வருவாங்க, தமிழ்நாட்டுல இருந்தும் ஆந்திரா தெலங்கானால இருந்தும். தரிசனம் முடிச்சு கன்னியாகுமரி, செங்கோட்டை, குமுளின்னு திரும்புற வழில வீட்டுக்கு ஏதாவது வாங்கணும், பக்கத்து வீட்டுக்கும் குடுக்கணும். பிரசாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், கேரளா பக்கம் போய்ட்டு வந்ததுக்கு அடையாளம்னா சிப்ஸும் ஹல்வாவும் தான். கன்னியாகுமரில சீசன் கடைன்னே தனியா முளைக்கும், அதுல பாதி எடத்த சிப்ஸ் மூட்டை தான் அடைச்சிருக்கும். ஓணத்துக்கு வறுத்த பொருளு மாலை போட்ட ஆளுங்களால ரெண்டாவது சீசன் கண்டுச்சு. அப்புறம் பள்ளிக்கூட லீவு, டூரிஸ்ட் கூட்டம். ஜூன்ல குற்றாலம் சாரல் தொடங்கிடும், ஆகஸ்ட் வரைக்கும் ஓடும், அது முடியுறதுக்குள்ள மறுபடி ஓணம் வந்து வாசல்ல நிக்கும். கடைக்காரன் எந்த நாள்லயும் உருளிய எறக்கி வைக்க வேண்டிய தேவையே இல்ல. இதுல யாரும் ஓணத்த வருஷம் முழுக்க இழுக்கல, வேற வேற கூட்டம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வந்து இடைவெளிய அடைச்சிருச்சு.

எங்க மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 1956 நவம்பர் 1 வரைக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர் கொச்சில இருந்தது, அப்புறம் தான் சென்னை மாநிலத்தோட சேர்ந்துச்சு. இன்னிக்கும் ஓணத்துக்கு இங்க உள்ளூர் விடுமுறை விடுவாங்க. 2011 கணக்கெடுப்புல இந்துக்கள் 48 சதவீதத்துக்கு சொச்சம், கிறிஸ்தவங்க 46க்கு சொச்சம், இஸ்லாமியரு 4 சதவீதம் சொச்சம். தமிழ் மாசம், மலையாளக் கொல்லம் ஆண்டு, சபைக் காலண்டர், பிறை பாக்குறதுன்னு ஒரே ரோட்ல இத்தனை கணக்கு ஓடுது. இந்த ரோட்ல கடை போட்டவனுக்கு பண்டிகை இல்லாத மாசம்னு ஒண்ணு கெடையாது, ஒருத்தரு வீட்டுப் பலகாரத்த இன்னொருத்தரு வாங்கித் தின்னு பழகி பல காலம் ஆச்சு, யாருக்கு எது பண்டிகைன்னு பேக்கரி அலமாரிக்கு என்ன தெரியும்.

முந்திரிக்கொத்து கதை கொஞ்சம் வேற, இது வீட்டு வேலை கடைக்குப் போன கதை. சிறுபயறு வறுத்துப் பொடிச்சு, தேங்கா வறுத்து, எள்ளும் ஏலக்காயும் போட்டு, வெல்லப்பாகு பதம் பாத்து ஊத்தி, சூடு கையப் பொசுக்கப் பொசுக்க உருண்டை பிடிச்சு, அப்புறம் அரிசிமாவுல முக்கி மூணு மூணா ஒட்டுற மாதிரி எண்ணெய்ல விடணும். ஒரு ஆள் செய்ற வேலை இல்ல இது. அக்கம்பக்கத்து பொம்பளைங்க ராத்திரி உக்காந்து பேச்சும் சிரிப்புமா செஞ்சு முடிப்பாங்க, கல்யாண வீடுன்னா கேக்கவே வேண்டாம். இன்னிக்கு அந்தக் கூட்டம் சேராது, மருமக டவுன்ல வேலைக்குப் போறா, மக கல்ஃப்ல இருக்கா. பலகாரம் வேணும் கை இல்லைங்கிற எடத்துல தான் கடை உள்ள வந்துச்சு. கடை வந்தப்புறம் தீவாளிக்கு மட்டும் மாஸ்டருக்கு சம்பளம் குடுத்து மிச்ச மாசம் சும்மா உக்கார வைக்க முடியுமா. "வருஷம் முழுக்க முந்திரிக்கொத்தா?"ன்னு மூக்கு சுளிக்கிற ஆம்பளைங்ககிட்ட, நீங்க எப்ப கடைசியா உருண்டை பிடிச்சீங்கன்னு கேட்டா பேச்சு நின்னுடும்.

ஆனா ஒண்ணு, கடைக்குப் போனதும் பலகாரம் மாறிடுச்சு, அத மறைக்க முடியாது. வீட்டு முந்திரிக்கொத்துல தேங்கா தாராளமா இருக்கும், கடிச்சா உள்ள பொலபொலன்னு ஈரமா உதிரும், ஆனா அந்த ஈரத்துல தேங்கா தான் முதல்ல காறும். அலமாரில வாரக்கணக்கா நிக்கணும்னா தேங்காய கொறைக்கணும் இல்ல கருகக் கருக வறுக்கணும், பாக இறுக்கணும். அதான் கடைல வாங்குனது சில சமயம் கல்லு மாதிரி இருக்கு. சிப்ஸ்லயும் அப்படித்தான். 2025ல தேங்காயெண்ணெய் லிட்டர் 400 ரூபாய தாண்டி ஏறினப்போ எத்தனையோ உருளில பாமாயில் எறங்கிச்சு, போர்டு மட்டும் மாறல. ஒரு தடவ ஓணத்துக்கு வறுத்து எண்ணெய தீத்துட்டா பிரச்சனை இல்ல, தினமும் வறுக்கிறவன் அதே எண்ணெய திரும்பத் திரும்பக் காச்சுவான், காயக் காய அதுல வேண்டாத சேர்மங்கள் சேரும். அந்த அளவு 25 சதவீதத்த தாண்டக் கூடாதுன்னு 2018 ஜூலைல இருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட சட்டம் இருக்கு. திறந்த தட்டுல விக்கிற ஸ்வீட்டுக்கும் எந்தத் தேதிக்குள்ள தின்னணும்னு எழுதி வைக்கணும்னு 2020 அக்டோபர் 1ல ஒரு உத்தரவு வந்துச்சு. நீங்க எத்தன கடைல அந்தச் சீட்டப் பாத்திருக்கீங்கன்னு நான் கேக்கல. பண்டிகை இருந்த காலத்துல இந்தச் சீட்டே தேவைப்படல, ஏன்னா தேதி எல்லாருக்கும் மனப்பாடம், என்னிக்கு செஞ்சதுன்னு கேக்காமலே தெரியும்.

அடுத்து விரதம். பண்டிகைப் பலகாரம் நிறைய, ஒரு பட்டினிக்கு அடுத்த நாள் வர்றது. கேரள நஸ்ராணி, அதாவது சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள்ல டிசம்பர் ஒண்ணுல இருந்து இருபத்தஞ்சு நோன்பு, இறைச்சி முட்டை தொட மாட்டாங்க, முட்டையும் வெண்ணெயும் போட்ட கேக் வெட்டுறதே நோன்பு முடிஞ்சதுக்கு அடையாளம். இப்ப பிளம் கேக் நோன்பு நாள்லயும் கடைல நிக்குது, நோன்பு இருக்கிறவனும் இல்லாதவனும் ஒரே கடைல தான் நிக்கிறாங்க. கேரளாவுல பிளம் கேக்குக்கு சொல்ற ஆரம்பக் கதை தலச்சேரில மம்பள்ளி பாப்பு 1883ல மர்டோக் பிரவுன்ங்கிற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காக செஞ்சு குடுத்தது, அன்னிக்கு அது ஒரு ஆளுக்கு ஒரு கிறிஸ்மஸுக்குன்னு போட்ட ஆர்டர். சர்க்கரையும் ஊறவச்ச உலர் பழமும் நெறஞ்ச கேக் சும்மா இருந்தாலே வாரக்கணக்குல கெடாது, அதனால தண்ணிங்கிற வேலி அதுக்கு முதல்லயே கெடையாது, நோன்புங்கிற வேலி மட்டும் தான் இருந்துச்சு. அது தளர்ந்ததும் கேக் வெளிய வந்துடுச்சு.

இது நம்ம நாட்டுல மட்டும் நடக்குறது இல்ல. இங்கிலாந்துல பெரிய வெள்ளிக்கு திங்குற சிலுவை போட்ட மசாலா பன் இருக்கு, 1592ல லண்டன் மார்க்கெட் அதிகாரி பெரிய வெள்ளி, கிறிஸ்மஸ், அடக்கம் இந்த மூணுக்குத் தவிர இந்த மாதிரி மசாலா ரொட்டி விக்கக் கூடாதுன்னு உத்தரவே போட்டார். இப்ப அங்க சூப்பர் மார்க்கெட்ல கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட அந்த பன் வந்து நிக்குது, அங்கயும் பெருசுங்க புலம்புதுங்க.

கோயில் பிரசாதம்னு வந்தா சபரிமலை அரவணை. இதுல அரிசிய விட வெல்லம் ரொம்பக் கூட, நெய், சுக்கு, ஏலக்காய், அதனால டின்ல அடைச்சா மாசக்கணக்குல நிக்கும். மலைல நடை திறக்கிறது மண்டல மகரவிளக்கு காலமும் ஒவ்வொரு மலையாள மாசமும் முதல் அஞ்சு நாளும், விஷு ஓணம் மாதிரி சில நாளும் தான், ஆனா டின் ஊருக்கு வந்தப்புறம் பங்குனிலயும் திறக்கலாம். சீசன் கூட்டத்துக்காக முன்கூட்டியே லட்சக்கணக்குல செஞ்சு அடுக்கணும், அதுல ஒரு ஆபத்தும் இருக்கு. 2023 ஜனவரில ஏலக்காய்ல பூச்சிமருந்து அளவுக்கு மேல இருக்குன்னு சொல்லி கேரள ஹைகோர்ட் விற்பனைய நிறுத்துச்சு, ஆறரை லட்சத்துக்கு மேல டின் சன்னிதானத்துலயே அடைஞ்சு போச்சு. 2024 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவ ரத்து பண்ணிடுச்சு, ஆனா அதுக்குள்ள டின் பழசாயிடுச்சு, அழிக்கத்தான் வழி தேட வேண்டி வந்தது. கெடாத பொருளுன்னு நம்பி அடுக்கினா இப்படியும் ஆகும். பாயசம்லயும் இதே பாதை தான், பாலடை பிரதமன் பால்ல செஞ்சது, வீட்ல வச்சா மறுநாளே புளிச்சிடும், இப்ப கெட்டியான பவுச்ல அடைச்சு 121 டிகிரில அழுத்தத்துல வேக வச்சு எடுக்குறாங்க, பிரிட்ஜ் இல்லாமலே மாசக்கணக்குல இருக்கு. குடிச்சுப் பாத்தா கொள்ளாம், ஆனா திருவனந்தபுரத்து சத்யை விருந்துல போளிய பிச்சுப் போட்டு மேல ஊத்துற பாயசத்தோட பக்கத்துல வச்சுப் பேச முடியாது.

சரி, நகராததுக்கு வருவோம். திரளி கொழுக்கட்டைல அரிசிமாவு, வெல்லம், தேங்கா, பழம், எல்லாமே ஈரம், அதுக்கு மேல ஆவில அவிக்கிறது, காலைல அவிச்சா மறுநாள் நூல் விடும். அதோட இலை. திரளி இலையோட வாசனை தான் அந்தக் கொழுக்கட்டையோட பாதி உயிர், அந்த இலை திருக்கார்த்திகைக்கு முந்தின நாள் நாகர்கோவில் வடசேரி சந்தைல கட்டு கட்டா வந்து எறங்கும், மறு வாரம் போய்க் கேட்டா கடைக்காரன் நம்மள ஒரு மாதிரி பாப்பான். திருவனந்தபுரத்துல ஆற்றுகால் பொங்கலைக்கு இதே திரளி வைப்பாங்க, அங்கயும் அந்த நாளோட சரி.

நோன்புக் கஞ்சிக்கும் ஈரம் தான் எதிரி, ஆனா அது மட்டும் இல்ல. பள்ளிவாசல்ல பெரிய அண்டால காச்சி வர்றவங்களுக்கெல்லாம் சும்மா குடுக்குறது, தமிழ்நாடு அரசு அதுக்கு அரிசியும் குடுக்குது. மாலைல தூக்குவாளிய எடுத்துக்கிட்டு எந்த மதத்துப் பிள்ளையும் வரிசைல நிக்கலாம். சும்மா கிடைச்சத காசுக்கு வாங்க யாருக்கு மனசு வரும்? ஐதராபாத் ஹலீம் அப்படி இல்ல, அது ஹோட்டல்ல காசுக்கு வித்துப் பழகின பொருளு, 2010ல புவிசார் குறியீடும் வாங்கிச்சு, இப்ப சில எடத்துல ரம்ஜான் இல்லாத மாசமும் கிடைக்குது. ரெண்டுமே நோன்பு தொறக்குற சாப்பாடு, ரெண்டுமே ஈரம், ஒண்ணு நகர்ந்துச்சு ஒண்ணு நகரல.

என் கணக்குக்கு அடங்காத ஒண்ணும் இருக்கு, கர்க்கடகக் கஞ்சி. நவரை அரிசி, மருந்துப் பொடி, எல்லாம் காஞ்ச சரக்கு, பெட்டில போட்டு வச்சா வருஷக்கணக்கா நிக்கும், கேரளா பக்கம் மருந்துக் கம்பெனிங்க பெட்டி பெட்டியா போடுது. ஆனாலும் ஆடி மாசத்து வாக்குல மட்டும் தான் கடைல முன்னால வரும், அப்புறம் காணாமப் போயிடும். மழைக்காலத்துல உடம்பு எளகி இருக்கும் அப்ப குடிச்சா தான் பிடிக்கும்ங்கிற நம்பிக்கை அத கட்டி வச்சிருக்கு. இது பலகாரம் இல்ல மருந்து, அதனால நாக்கு கேக்குறதில்ல, மாசம் தான் கேக்குது.

இனிமே நடக்கப் போறது ஃப்ரீஸர் தான். இலை அடை, கொழுக்கட்டை எல்லாம் உறைய வச்சு கல்ஃபுக்கும் அமெரிக்காவுக்கும் இப்பவே கப்பல்ல போகுது, இலையோடயே. தண்ணிய எடுக்க வேண்டாம், தண்ணிய கல்லாக்கினா போதும்னு ஆயிடுச்சுன்னா ஈரம்ங்கிற வேலியும் விழுந்துடும், திரளி கொழுக்கட்டையும் ஒரு நாள் மார்த்தாண்டத்து சூப்பர் மார்க்கெட்ல சித்திரை மாசம் கிடைக்கலாம். கிடைச்சா நான் வாங்குவேன், பொய் சொல்லல.

ஆனா ஔவை நோன்புக் கொழுக்கட்டைய மட்டும் எந்த ஃப்ரீஸரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆடிச் செவ்வாய்ல பொம்பளைங்க மட்டும் ராத்திரி கூடி உப்பில்லாம அவிக்கிறது, வீட்டு ஆம்பளைங்க, பால்குடி மறந்த பையன் வரைக்கும், கண்ணால பாக்கக் கூடாது, விடியுறதுக்குள்ள அவங்களே தின்னு தீத்துடணும். எங்க வீட்டுக் கொழுக்கட்டை என்ன வடிவம்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது, கேட்டா எங்க அம்மா "ஒனக்கெதுக்குடே அது"ன்னு வெரட்டுவாங்க. அத கண்ணாடிப் பெட்டில வச்சு விக்கணும்னா கடைக்காரனும் பொம்பளையா இருக்கணும், வாங்குறவளும் பொம்பளையா இருக்கணும், பில் போடுறதும் பொம்பளையா இருக்கணும், அப்புறம் கடைக்கு முன்னால திரையும் போடணும்.